பத்துத் தீவுகளுக்கு ஒரே ஓடுபாதை: அகத்திப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், கொச்சி

நாளை காலை அகத்திக்குப் பறக்கிறேன். பெயரைக் கேட்டதும் கீரையை நினைத்துக்கொள்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது லட்சத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஒரு தீவு. கொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் ஒரு மெல்லிய கோடு போலக் கிடக்கிறது. பரப்பு 4 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் 7,566 பேர். லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. அவற்றில் விமானம் இறங்கக்கூடிய தீவு இது ஒன்றுதான்.

நான் கடற்கரை பார்க்கப் போகவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக இதே கொச்சியில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் அகத்தியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. உடனிருந்த அவருடைய அண்ணன் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இரவில் தூக்கம் வராமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. தங்கைக்கு விமானத்தில் இடம் கிடைக்க நான்கு நாள் காத்திருந்ததாக அவர் சொன்னபோது, 'ஊரிலேயே விமான நிலையம் இருந்தும் நான்கு நாளா?' என்று கேட்டேன். 'வந்து பாருங்கள், அப்போது புரியும்' என்றார். அந்தப் பதில் என்னோடு தங்கிவிட்டது. முப்பது ஆண்டுகள் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால், ஒரு சாலையோ பாலமோ யாருக்காகப் போடப்பட்டது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. ஓடுபாதையும் ஒரு வகையில் சாலைதானே.

லட்சத்தீவுக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. தீவுகளைச் சேராத இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. 1967ஆம் ஆண்டு விதிகள் அப்படி. தீவில் உள்ளவர் ஒருவர் நம்மை அழைப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், நம் ஊர்க் காவல்துறையிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். ஆசிரியர் அழைப்பு அனுப்பினார், மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். தாள்கள் எல்லாம் பையில் இருக்கின்றன.

மாலையில் வில்லிங்டன் தீவுப் பக்கம் போய் வந்தேன். லட்சத்தீவுக் கப்பல்கள் புறப்படும் துறை அங்கேதான் இருக்கிறது. திரும்பி வருவதைக் கப்பலில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இடத்தைப் பார்த்து வைக்கலாம் என்று போனேன். 1988இல் அகத்தி விமானத்தளம் திறக்கப்பட்டபோது கொச்சியின் விமான நிலையமும் இதே வில்லிங்டன் தீவில், கடற்படைத் தளத்தில்தான் இருந்தது. நெடும்பாசேரியில் உள்ள இப்போதைய விமான நிலையம் 1999இல்தான் வந்தது. ஆக அந்தப் பதினோரு ஆண்டுகளும் தீவுக்காரர் ஒருவர் கொச்சியில் விமானத்தில் வந்து இறங்கினாலும் கப்பலில் வந்து இறங்கினாலும் ஒரே தீவில்தான் கால் வைத்திருப்பார்.

இரண்டாம் நாள், கொச்சியிலிருந்து அகத்தி

நெடும்பாசேரியில் அகத்திக்கான வரிசையை அடையாளம் காண்பது கடினமாக இல்லை. மற்ற வரிசைகளில் சக்கரப் பெட்டிகள் நின்றன. இங்கே கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளும் அதிகம் இருந்தன. ஒருவர் மிக்ஸி கொண்டுபோனார். ஒரு பெண் மருந்துப் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை. கல்லூரி மாணவர்கள் நால்வர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, எக்ஸ்ரே உறையைச் சுருட்டாமல் கவனமாகப் பிடித்திருந்த ஒரு முதியவர். அவர்களுக்கு நடுவே வெயில் கண்ணாடி அணிந்த சுற்றுலாப் பயணிகள் பத்துப் பன்னிரண்டு பேர். 2024 தொடக்கத்தில் பிரதமர் லட்சத்தீவுக்கு வந்து போன பிறகு நாடு முழுவதும் இந்தத் தீவுகளின் பெயர் அடிபட்டது. அதே ஆண்டில் பெங்களூரிலிருந்தும் கோவாவிலிருந்தும் அகத்திக்குப் புதிய விமானங்கள் விடப்பட்டன. அதுவரை பெரும்பாலும் கொச்சி ஒன்றுதான் வாசல்.

எடை பார்ப்பதில் வழக்கத்தைவிடக் கண்டிப்பு இருந்தது. மிக்ஸிக்காரர் தன் பெட்டியைப் பிரித்து இரண்டு பொருள்களை எடுத்து, வழியனுப்ப வந்த மைத்துனரிடம் கொடுத்தனுப்பினார். 'அடுத்த கப்பலில் அனுப்பு' என்று அவர் சொன்ன விதத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. பழகிய காரியம் போலிருந்தது.

விமானம் ஏடிஆர் 72 வகை, விசிறி இறக்கை சுழலும் சிறிய விமானம். எங்கள் தூத்துக்குடிக்குச் சென்னையிலிருந்து பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த அதே வகை. உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு வியப்பு. பின்பக்கத்தில் நான்கைந்து வரிசைகள் காலி. ஆசிரியரின் பக்கத்து வீட்டுக்காரர் இதே விமானத்துக்கு முயன்று 'இடமில்லை' என்ற பதிலை நேற்று வாங்கியிருந்தாராம். ஆசிரியரே தொலைபேசியில் சொன்னார். இடமில்லாத விமானத்தில் இத்தனை காலி இருக்கைகளா? கணக்கு எங்கோ இடிக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். கடைசிப் பத்து நிமிடம் வரை நீலத்தைத் தவிர எதுவும் இல்லை. பிறகு கடலின் நிறம் ஓரிடத்தில் சட்டென்று வெளிறி, பச்சையாகி, அதன் விளிம்பில் ஒரு தென்னங்கோடு தெரிந்தது. தீவின் தென்கோடி வால் போல ஒடுங்குகிறது. அந்த வாலின் மேல், ஏறக்குறைய அதன் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஓடுபாதை கிடக்கிறது. இரண்டு முனையிலும் கடல், இரண்டு பக்கமும் கடல். சக்கரம் தரையைத் தொட்ட உடனே விமானி அழுத்திப் பிடித்த பிடியில் எல்லோருடைய தலையும் ஒருமுறை முன்னால் போய் வந்தது. முதல்முறை வந்தவர்கள் மட்டும் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தோம்.

ஆசிரியர் வெளியே நின்றிருந்தார். 'காக்கா' என்று கூப்பிட்டு ஒரு இளைஞன் என் பையை வாங்கிக்கொண்டான், அழைத்தது அவரை. மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் காயல்பட்டினத்திலும் உள்ள வழக்கம், அதனால் நானும் அன்றே காக்கா என்று அழைக்கத் தொடங்கிவிட்டேன். அவர் என்னை 'சாரே' என்பதை விடுவதாக இல்லை.

மூன்றாம் நாள், ஓடுபாதை ஓரம்

இன்று முழுவதும் அந்தக் காலி இருக்கைக் கணக்கோடு போயிற்று. விமான நிலைய வேலைகளில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற, காக்காவின் உறவினர் ஒருவர் வேலிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும் நான் அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த ஓடுபாதையின் நீளம் 1,200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1988இல் போடப்பட்டபோது இது போதுமானதாகவே இருந்தது, ஏனென்றால் அப்போது வந்தது டார்னியர் 228. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த, பத்தொன்பது பேர் அமரும் விமானம். சிற்றூர்களை விமானத்தால் இணைப்பதற்கென்றே 1981இல் அரசு தொடங்கிய வாயுதூத் நிறுவனம் அதை ஓட்டியது. பின்னர் அந்த நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்கப்பட்டது. டார்னியருக்குப் பின் ஏடிஆர் 42, அதற்கும் பின் ஏடிஆர் 72. விமானம் வளர்ந்த அளவுக்கு ஓடுபாதை வளரவில்லை.

ஏடிஆர் 72 தன் முழு எடையோடு எழும்புவதற்கு, குளிர்ந்த காற்றில், கடல் மட்டத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் வேண்டும். வெறுமனே எழும்பிவிட்டால் போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனால், மிச்சமுள்ள பாதைக்குள் விமானத்தை நிறுத்திவிடவோ, மற்ற எஞ்சினின் பலத்தில் மேலேறிவிடவோ முடிய வேண்டும். வெயில் ஏறினால் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தாங்கும் சக்தி குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு; எனவே இன்னும் நீளம் தேவைப்படுகிறது. இங்கே கூட்டுவதற்கு நீளம் இல்லை, ஆகவே எடையைக் குறைக்கிறார்கள். எடையில் எரிபொருளைத் தொட முடியாது. கடல் நடுவே உள்ள தீவுக்கு வரும் விமானம், இறங்க முடியாமற்போனால் கரைக்கே திரும்பிப் போகும் அளவு எரிபொருளைச் சுமந்துதான் வரவேண்டும். எரிபொருள் போக மிஞ்சுவது ஆட்களும் பெட்டிகளும். காலி வரிசைகளின் பொருள் இதுதான். அந்த இருக்கைகள் இருக்கின்றன, ஆனால் அவை விற்பனைக்கு உரியவை அல்ல. மிக்ஸிக்காரர் தன் பெட்டியைப் பிரித்ததும் இதனால்தான்.

'அப்படியானால் பாதையை நீட்டலாமே' என்று என் தொழில் புத்தி உடனே கேட்டது. தூத்துக்குடி வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக்கினார்கள். அங்கே தேரிக்காடும் புன்செயும் இருந்தன, நிலம் எடுத்தார்கள். இங்கே நீட்டுவதென்றால் கடலுக்குள் நீட்ட வேண்டும். தெற்கு முனைக்கு எதிரே கல்பிட்டி என்றொரு சிறு திட்டு இருக்கிறது, ஆள் குடியில்லாதது. ஓடுபாதையை அந்தத் திட்டு வரை கொண்டுபோகும் யோசனை வெகு காலமாகப் பேச்சில் உள்ளது. ஆனால் இடையில் இருப்பது பவளப்பாறை. இந்தத் தீவே பவள உயிர்கள் கட்டியெழுப்பியது. மழைக்கால அலையின் வேகத்தைத் தீவுக்கு வெளியிலேயே தடுத்து உடைப்பது அந்தப் பாறை வளையம்தான். அதைக் கொஞ்சம் மூடினால் எவ்வளவு கரை அரிக்கும் என்பதை நெடுஞ்சாலைக்காரனாக நான் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரையோரம் தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தடுப்புகள்) போட்ட இடங்களில் பக்கத்து ஊர்க் கரை கரைந்துபோனதை எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்த்தவன் நான். இங்கே 'பக்கத்து ஊர்' என்று தள்ளிவிட எதுவும் கிடையாது.

பதினொன்றரை மணிக்கு விமானம் வந்தது, இறக்கியது, ஏற்றியது, போயிற்று. அந்த ஒரு மணி நேரம் தீவின் தென்பாதி ஒரு சந்தை போலாகிவிடுகிறது. ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் வரிசை கட்டுகின்றன. சொந்தக்காரர் யாரும் வராதவர்கள்கூட வந்து நிற்கிறார்கள். விமானம் எழுந்து ஓசை அடங்கியதும் எல்லோரும் தீவின் நீளத்துக்கும் போகும் அந்தச் சாலையில் வடக்கே கலைந்துபோனார்கள்.

நான்காம் நாள், மருத்துவமனை

காக்காவின் தங்கையைப் பார்த்தேன். நலமாக இருக்கிறார். என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் மாசி கட்டி வைத்திருந்தார். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கல்லாகும் வரை காயவைத்தது. இலங்கைச் சமையலில் பழகியவர்களுக்கு மாசி புதிதல்ல. அது எடை குறைந்தது, கெடாதது. இந்த விமானத்துக்கென்றே கண்டுபிடித்த உணவு என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

அகத்தியில் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு மருத்துவமனை உள்ளது. ஆனால் பெரிய அறுவை சிகிச்சையென்றாலும், இதயக் கோளாறென்றாலும், சிக்கலான பிரசவமென்றாலும் கொச்சிக்குத்தான் அனுப்புகிறார்கள். நடக்கக்கூடிய நோயாளி விமானத்தில் சாதாரண இருக்கையில் போகிறார். படுத்த நிலையில் இருப்பவருக்கு ஸ்ட்ரெச்சர் வைக்க வேண்டுமானால் பல இருக்கைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எடைக்குத் திணறும் விமானத்தில் அது சுலபமில்லை. அவசரமென்றால் ஹெலிகாப்டர். பவன் ஹான்ஸ் நிறுவனத்தின் ஹெலிகாப்டர்கள் நெடுங்காலமாக இந்தத் தீவுகளுக்கிடையே பறக்கின்றன. மற்ற தீவுகளிலிருந்து நோயாளியை அகத்திக்கோ தலைநகரான கவரத்திக்கோ நேரே கொச்சிக்கோ கொண்டுசெல்வதை இங்கு எல்லோரும் 'இவாக்குவேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்கும் அந்தச் சொல் தெரிகிறது. நம் ஊரில் அந்த வயதுப் பையன்களுக்கு 108 தெரிவது போல.

தங்கை நான்கு நாள் காத்திருந்த கதையை இன்றுதான் முழுதாகக் கேட்டேன். முதல் நாள் இடமில்லை. இரண்டாம் நாள் விமானமே இல்லாத நாள். மூன்றாம் நாள் விமானம் வந்தது, மழை மேகம் தாழ்ந்திருந்ததால் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. நான்காம் நாள் யாரோ ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். 'அந்த மூன்றாம் நாள்தான்' என்றார் அவர். 'மேலே சத்தம் கேட்கிறது, நான் முற்றத்தில் செருப்புப் போட்டுத் தயாராக நிற்கிறேன். சத்தம் பெரிதாகிறது, சிறிதாகிறது. பிறகு இல்லை.' அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

சுற்றுலா வந்ததில் இங்குள்ளவர்களுக்கு இரண்டு மனம். கூடுதல் விமானம் வந்தது அதனால்தான். சுற்றுலாப் பயணி இல்லாமல் எந்த நிறுவனமும் பெங்களூரிலிருந்து இங்கே விமானம் விடாது. அதே சமயம், விடுமுறைக் காலத்தில் கட்டணம் ஏறும்போது, மாதக்கணக்கில் முன்பதிவு செய்தவர் சுற்றுலாப் பயணியாகவும் முந்தின நாள் மருத்துவர் சீட்டு வாங்கியவர் தீவுக்காரராகவும் இருக்கிறார். நோய் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லையே என்று காக்கா சொன்னது என்னைக் கொஞ்சம் குத்தியது. நானும் ஒன்றரை மாதத்துக்கு முன்பே இடம் போட்டு வந்தவன்தான்.

ஐந்தாம் நாள், கவரத்தி

தலைநகர் கவரத்தி. அகத்தியிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தீவுகளுக்கிடையே ஓடும் விரைவுப் படகை இங்கே 'வெசல்' என்கிறார்கள். கடல் அமைதியாக இருந்ததால் பயணத்தில் சொல்ல எதுவும் இல்லை. வருடத்தில் எல்லா நாளும் இப்படி இருக்காது. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, மழைக்காலத்தில், சிறு கலங்கள் ஓடுவதே நின்றுவிடும்.

படகில் உட்கார்ந்தபடி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தூரங்களை அளந்தேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வெளிச்சம் அதுதான். அகத்தி லட்சத்தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆந்த்ரோத் தீவு கிழக்கே, கேரளக் கரைக்கு மிக அருகில் இருக்கிறது. பரப்பிலும் அதுவே பெரியது, 11,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அந்தத் தீவுக்காரர் ஒருவர் கொச்சிக்கு விமானத்தில் போக விரும்பினால், முதலில் கொச்சிக்கு முதுகைக் காட்டி 160 கிலோமீட்டர் மேற்கே கடலில் போய், அங்கே விமானம் ஏறி, தன் தீவு இருக்கும் திசையிலேயே திரும்பிப் பறக்க வேண்டும். மினிக்காய்க்காரர் நிலை இன்னும் கடினம். தெற்கே தனித்துக் கிடக்கும் அந்தத் தீவிலிருந்து அகத்தி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மாலத்தீவின் வடமுனை அதைவிட மிக அருகில் இருக்கிறது. மினிக்காயில் ஒரு விமான நிலையம் கட்டும் பேச்சும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. வடக்கே பித்ரா, 2011 கணக்கில் 271 பேர் வாழ்ந்த தீவு. அகத்திக்கு 80 கிலோமீட்டர் சொச்சம்.

'லட்சத்தீவின் ஒரே விமான நிலையம்' என்று எழுதும்போது பத்துத் தீவுகளுக்கும் அது பொது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அது அகத்திக்கு விமான நிலையம். கவரத்திக்கு, கடல் ஒத்துழைத்தால், விமான நிலையம். ஆந்த்ரோத்துக்கும் மினிக்காய்க்கும் வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளி. மாவட்டத் தலைநகரில் ஒரு மேம்பாலம் கட்டிவிட்டு மாவட்டம் முழுவதற்கும் சாலை வசதி என்று அறிக்கை எழுதிய காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த அறிக்கைகளில் சிலவற்றில் என் கையெழுத்தும் உண்டு.

தூரத்திலிருந்து ஆள்வது இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன். 1956 நவம்பர் 1 வரை இவை நம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தவை. அமினி, கட்மத், கில்தான், செத்லாத், பித்ரா ஆகியவை தென் கன்னட மாவட்டத்தோடும், அகத்தி உள்ளிட்ட மற்றவை மலபார் மாவட்டத்தோடும் சேர்ந்திருந்தன. யூனியன் பிரதேசமான பிறகும் தலைமையிடம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964இல்தான் கவரத்திக்கு வந்தது. பாய்மர ஓடத்தில் தேங்காயும் கயிறும் ஏற்றிக்கொண்டு மங்களூருக்குப் போய் அரிசி வாங்கி வந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கைப்பேசியில் விமானச் சீட்டுத் தேடுகிறார்கள். அரிசி இன்றும் கடல் வழியாகத்தான் வருகிறது. ஓடுபாதை வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அரிசி, சிமெண்ட், எரிவாயு, வெங்காயம் எதுவும் அதன் வழியே வரவில்லை, வரவும் முடியாது.

கவரத்தியில் ஒரு குழாயில் தண்ணீர் குடித்தேன். ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு கடல்நீரின் ஆவியைக் குடிநீராக்கும் நிலையம் 2005இல் இங்கே நிறுவப்பட்டது; அகத்திக்கும் மினிக்காய்க்கும் 2011இல் வந்தது. வடிவமைத்தவர்கள் நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார். விமான நிலையத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அந்தக் கருவிகளைப் பழுதுபார்க்க ஒரு பொறியாளர் வேண்டுமானால், அவர் அகத்தியில் இறங்கித்தான் வந்து சேர வேண்டும், அல்லது ஒரு நாள் கப்பலில் கிடக்க வேண்டும்.

ஆறாம் நாள், மீண்டும் அகத்தி

இன்று விமானம் வரவில்லை. கொச்சியிலேயே ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். காலை பத்து மணியிலிருந்து விமான நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு மணி வரை எந்தச் செய்தியும் சொல்லப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு மாணவிக்கு மறுநாள் கோழிக்கோட்டில் தேர்வு. நேற்றே போயிருக்கலாமே என்று ஒரு சுற்றுலாப் பயணி அவளிடம் கேட்டார். நேற்றும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுடைய தகப்பனார் துறைமுக அலுவலகத்துக்கு ஓடினார். இன்று மாலைக் கப்பலில், நான் போகும் அதே கப்பலில், அவளுக்கு ஒரு படுக்கை கிடைத்தது. ஆனால் அது கொச்சியை நாளை நண்பகலுக்கு மேல்தான் தொடும். தேர்வு காலையில்.

மாலையில் சிறு படகில் ஏறி, ஆழத்தில் நின்ற கப்பலுக்குப் போனோம். அலை ஏறி இறங்கும் கணம் பார்த்துக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். எழுபது வயது மூதாட்டியர் எனக்கு முன்னால் சிரமமின்றி ஏறினார்கள். காக்கா படகிலேயே நின்று கையசைத்தார்.

ஏழாம் நாள், கப்பல்

இரவு ஆந்த்ரோத் அருகே கப்பல் நின்றது. இருட்டில் விளக்குப் படகுகள் வந்து கப்பலை ஒட்டி நின்றன. மூட்டைகள், குழந்தைகள், ஒரு நாற்காலியோடு கட்டித் தூக்கி ஏற்றப்பட்ட ஒரு முதியவர். என் எதிர்ப் படுக்கைக்கு வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்புரை அறுவைக்காகக் கொச்சி போகிறார், மகன் துணைக்கு வருகிறான். அவர்கள் பேசும் ஜெசரி, அதாவது தீவுகளின் மலையாள வழக்கு, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மகன் மலையாளத்தில் சொல்ல, நான் தமிழில் வாங்கிக்கொண்டேன். கரையை அவர்கள் 'வன்கர' என்கிறார்கள்.

அகத்தி விமான நிலையத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அம்மா ஆர்வமாகக் கேட்டார். எவ்வளவு நீளம், கடலுக்கு எவ்வளவு பக்கம், இறங்கும்போது பயமாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் குறிப்பேட்டைத் திறந்து, தீவின் வாலையும் ஓடுபாதையையும் கோடு போட்டுக் காட்டினேன். அகத்தியில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை என்றார் அவர். கொச்சிக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறாராம், எல்லாம் கப்பலில்.

தேர்வு எழுதவேண்டிய பெண் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காலை ஒன்பதரை மணி. அவளுடைய தேர்வு அப்போது தொடங்கியிருக்கும். தெற்கே எட்டாத உயரத்தில் ஒரு விமானம் மேற்கு நோக்கிப் போயிற்று. அது அகத்திக்குத்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. கொச்சித் துறையை அடைந்தபோது மணி ஒன்று.